எல்.கே.ஜி. வாசலில் கைவிட்டுப்போகும் பிள்ளைகள்: 25 விழுக்காடு ஒதுக்கீடும் ஒன்றியப் பள்ளிகளும்

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

எங்களுடையது ஒரு பேரூராட்சியை ஒட்டிய ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. சென்ற கல்வியாண்டில் 64 பிள்ளைகளும் மூன்று ஆசிரியர்களும் இருந்தோம். இந்த ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதிக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை 58 ஆகிவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். 61ஆவது பிள்ளை இருந்தால்தான் மூன்றாவது ஆசிரியருக்கு இடம் உண்டு. எனவே எங்களில் இளையவர் உபரி என்று கணக்கிடப்பட்டு, உபரி ஆசிரியர்களை இடம் மாற்றும் பணிநிரவலில் வேறொரு பள்ளிக்குப் போய்விட்டார். இப்போது ஐந்து வகுப்புகளுக்கும் தலைமையாசிரியரும் நானும் மட்டுமே. அவர் கூட்டத்துக்கோ எமிஸ் என்ற இணையப் பதிவேட்டு வேலைக்கோ வட்டார அலுவலகம் செல்லும் நாள்களில், 58 பிள்ளைகளும் என் பொறுப்பு.

இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வயதில் எங்கள் தெருக்களில் 13 பிள்ளைகள் இருந்தார்கள். எங்களிடம் வந்தவர்கள் ஆறு பேர். மற்ற ஏழு பேரில் மூன்று பேர் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். நான்கு பேர் பேரூராட்சியில் உள்ள தனியார் பள்ளியில், நலிந்த பிரிவினருக்காகக் கல்வி உரிமைச் சட்டம் வைத்த 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் படிக்கிறார்கள். இந்த நால்வருக்கான கட்டணத்தை அரசு செலுத்துகிறது. அந்த நான்கு பேரும் எங்களிடம் சேர்ந்திருந்தால் எண்ணிக்கை 62 ஆகியிருக்கும், மூன்றாவது ஆசிரியரும் இங்கேயே இருந்திருப்பார். தன் பள்ளியிலிருந்து ஆசிரியரை எடுத்துக்கொள்ளும் அரசு, அதே பள்ளிக்கு வர வேண்டிய பிள்ளைகளுக்காகத் தனியாருக்குப் பணம் கொடுப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இந்த ஒதுக்கீட்டை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

பாலாற்றங்கரை

டீச்சர், நீங்கள் சொல்லும் நான்கு பிள்ளைகளைப் போன்ற ஒருத்தியின் தகப்பன் நான். இருசக்கர வாகனப் பழுது பார்க்கும் கடையில் வேலை பார்க்கிறேன். 2022இல் அந்த ஒதுக்கீட்டுக்கான குலுக்கலில் என் மகளுக்கு இடம் கிடைத்தது. இலவசம் என்று பெயர் இருந்தாலும், கல்விக் கட்டணம் போக வேனுக்கும் நோட்டுக்கும் சீருடைக்கும் நானே செலவு செய்கிறேன். அந்தச் செலவை ஏற்றுக்கொண்டுதான் அனுப்புகிறேன் என்றால், அதற்குக் காரணம் இருக்கும் என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும்.

என் மகள் எந்தப் பள்ளியையும் காப்பாற்றுவதற்காகப் பிறந்தவள் அல்ல. வசதி உள்ளவர்கள் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கட்டி அதே பள்ளியில் சேர்க்கும்போது, அவர்களால் உங்கள் எண்ணிக்கை குறைந்தது என்று யாரும் இழை தொடங்குவதில்லை. மெக்கானிக் மகள் சேர்ந்தால் மட்டும் அரசுப் பள்ளி அழிகிறது என்கிறீர்கள். உங்கள் கணக்கிலேயே, வராத ஏழு பேரில் மூன்று பேர் கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துத்தானே கேட்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதைச் சொன்னால் கோபம் வரும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாய்தா

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளி ஒவ்வொன்றும் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்கி, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விலக்கு அளித்தது. தமிழ்நாட்டில் இது 2013ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

கரும்பலகை அவர்கள் கேட்பதைக் கர்நாடகம் ஏற்கெனவே செய்து பார்த்தது. அருகில் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இந்த ஒதுக்கீடு கிடையாது என்று அந்த மாநிலம் விதியைத் திருத்தியது; 2019இல் அங்குள்ள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. மகாராட்டிரம் 2024 பிப்ரவரியில் ஏறத்தாழ இதே வழியைப் பின்பற்ற முயன்றபோது, பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஆகவே ‘நிறுத்த வேண்டும்’ என்பது ஓர் அரசாணையோடு முடிகிற காரியம் அல்ல.

கர்நாடகத்தில் அதன் பிறகு ஒதுக்கீட்டுக்கான விண்ணப்பங்கள் பெருமளவு குறைந்தன. ஆனால் விண்ணப்பம் போடாத குடும்பங்கள் எல்லாம் அரசுப் பள்ளிக்குத் திரும்பின என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

பழைய தணிக்கையாளர்

முப்பது ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த கோணத்திலிருந்தே பேசுகிறேன்.

முதலில் தொலைவு. தமிழ்நாட்டில் இந்த ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேரூராட்சியை ஒட்டி இருப்பதால் கரும்பலகை அவர்களின் ஊருக்கு இது பொருந்துகிறது. மாநிலத்தில் பிள்ளைகள் வற்றிப்போன ஒன்றியப் பள்ளிகளில் பல எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் எந்தத் தனியார் பள்ளியும் இல்லாத உட்கிராமங்களில் இருக்கின்றன. அங்கிருந்து பிள்ளைகளைப் பத்து கிலோமீட்டர் தள்ளி ஏற்றிச் செல்வது மஞ்சள் வேன். அந்த வேனில் போகிறவர்கள் கட்டணம் கட்டுகிறவர்கள். எனவே 25 விழுக்காட்டை நிறுத்தினால் அந்தப் பள்ளிகளுக்கு ஒரு பிள்ளைகூடத் திரும்பி வராது.

அடுத்தது பணம். 12(2) பிரிவின்படி, தனியார் பள்ளிக்கு அரசு ஈடு செய்யும் தொகை, அரசு தன் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, அந்தத் தனியார் பள்ளி உண்மையில் வசூலிக்கும் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அது. இதில் ஒரு விந்தை உண்டு. இரண்டு ஆசிரியர்களின் சம்பளம் 58 பிள்ளைகளுக்கும் அதேதான், 20 பிள்ளைகளுக்கும் அதேதான். பிள்ளைகள் குறையக் குறைய ‘தலைக்குச் செலவு’ கூடுகிறது. அது கூடினால் தனியாருக்குக் கொடுக்கக்கூடிய தொகையின் உச்சவரம்பும் கூடுகிறது. அரசுப் பள்ளி மெலிவதே அந்த வரம்பைத் தூக்கிவிடும் ஒரு சூத்திரத்தைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறோம். இதை எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் நிறைந்த அரசுப் பள்ளியை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள்.

மூன்றாவது, இந்தப் பணம் மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிரும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டக் கணக்கோடு பிணைந்தது. மத்திய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. ஒப்பந்தத்தின் வழியே தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கச் செய்கிறார்கள் என்பது மாநில அரசின் நிலை. 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த இழுபறியில்தான் அந்த ஆண்டு 25 விழுக்காட்டுச் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவில்லை. கொள்கையைப் பற்றி இரு அரசுகளும் வாதிடட்டும், அது அவர்களது உரிமை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் சேர்க்கையைப் பிணையாக வைத்து வாதிட்டதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

குழுத் தலைவி

நான் எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். தணிக்கையாளர் ஐயா நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன்.

2025 அக்டோபரில் சேர்க்கை திறக்கப்பட்டபோது என்ன நடந்தது என்பதை வெளியில் பலர் கவனிக்கவில்லை. பள்ளிகளில் அந்த ஆண்டு எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகளிலிருந்து தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடம் வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. அப்படியென்றால், ஜூனில் கையில் பணம் வைத்திருந்து கட்டியவர்களுக்குத்தான் அக்டோபரில் ஒதுக்கீடு. எவருக்காக இந்தப் பிரிவு எழுதப்பட்டதோ அவர்கள்தான் கட்ட முடியாமல் போனவர்கள். அவர்கள் அதற்குள் வேறெங்கோ போய்விட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் அப்படி இரண்டு வீடுகள் உண்டு. ஒரு வீட்டில் பிள்ளை பாட்டியோடு வீட்டிலேயே இருக்கிறான்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. கரும்பலகை டீச்சர், அந்த நான்கு பிள்ளைகள் எப்போது உங்களை விட்டுப் போனார்கள்? இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு என்றால் 2023இல், மூன்று வயதில், எல்.கே.ஜி.யில் சேர்ந்திருப்பார்கள். அன்றைக்கு அவர்களது அம்மா உங்கள் பள்ளிக்கு வந்து கேட்டிருந்தாலும், ‘ஐந்து வயது முடியட்டும், கூட்டிக்கொண்டு வாருங்கள்’ என்றுதானே சொல்லியிருப்பீர்கள்? நீங்கள் அவர்களை இழக்கவில்லை. அவர்கள் வந்து நின்றபோது உங்கள் பள்ளியில் அவர்களுக்கான வகுப்பே இல்லை. இரண்டு ஆண்டுகள் ஒரு பள்ளியில் பழகி, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆங்கிலப் பாட்டுப் பாடி ஆண்டு விழாவில் ஆடிய பிள்ளையை, ஒன்றாம் வகுப்புக்கு இடம் மாற்ற எந்தத் தாய்க்கு மனம் வரும்?

பாலாற்றங்கரை

அம்மா சொன்னது சரி. நான் கோபத்தில் விட்டுவிட்டேன். என் மனைவி காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். மூன்றரை வயதுப் பிள்ளையைக் காலையில் ஏற்றிச் சென்று மாலை வரை வைத்துக்கொள்ள, அங்கன்வாடியை விட்டால் எங்களுக்குத் தெரிந்த ஒரே இடம் தனியார் பள்ளிதான். அங்கன்வாடியில் சோறு போடுகிறார்கள், பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் குறை இல்லை. ஆனால் அங்கே போகிற பிள்ளை ‘படிக்கிறது’ என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வாய்தா

இதற்கும் சட்டத்திலேயே விதை இருக்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி அளிக்க அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது 11ஆவது பிரிவு. அடுத்த பிரிவோ, முன்பருவ வகுப்பு நடத்தும் தனியார் பள்ளி அந்த வகுப்பிலிருந்தே 25 விழுக்காட்டுச் சேர்க்கையைத் தொடங்க ‘வேண்டும்’ என்கிறது. எனவே தனியார் நடத்தும் எல்.கே.ஜி.யில் ஏழைப் பிள்ளைக்கு இடம் கிடைப்பது சட்டப்படியான உரிமை ஆகிவிட்டது. அரசு நடத்த வேண்டிய எல்.கே.ஜி. அரசின் விருப்பமாகவே நின்றுவிட்டது.

கரும்பலகை

குழுத் தலைவி அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: ஆம், அப்படித்தான் சொன்னேன். அந்த நால்வரில் ஒருத்தியின் தாய் 2023இல் என்னிடம் வந்து கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு வாருங்கள் என்றேன். இழையைத் தொடங்கும்போது அது என் நினைவுக்கு வரவில்லை.

பாலாற்றங்கரை அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். என் மகன் ஐந்தாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில்தான் படித்தான். ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றினேன். அதில் கொள்கைப் பிடிப்பு எவ்வளவு, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டின் கணக்கு எவ்வளவு என்று கேட்டால், பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏணிப்படி

ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் நான். அரசு எல்.கே.ஜி.யே தொடங்கவில்லை என்பதுபோல இங்கே பேச்சு போகிறது. தொடங்கியது. எங்கள் பள்ளியிலேயே தொடங்கியது. அதனால்தான் எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு தொடக்கத்தில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் திறக்கப்பட்டன. அறிவிப்பு வந்த வாரத்திலேயே பெற்றோர்கள் விசாரிக்க வந்துவிட்டார்கள். என் பணிக்காலத்தில் நாங்கள் வீடு வீடாகப் போகாமல் பெற்றோர் தாமாகப் பள்ளியைத் தேடி வந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஆனால் வகுப்பெடுக்க அனுப்பப்பட்டவர்கள், தொடக்கப் பள்ளிகளில் உபரி என்று கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள். ‘எங்களை அங்கன்வாடிக்குத் தள்ளுகிறார்கள்’ என்று அவர்கள் மனம் நொந்தார்கள், சங்கங்கள் நீதிமன்றம் போயின. அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவரிடம் மூன்று வயதுப் பிள்ளையைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? எங்களிடம் வந்தவர் முதல் வாரம் முழுவதும் அழுகிற பிள்ளைகளைக் கரும்பலகையைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைச் சமாதானம் செய்தது அங்கன்வாடி ஆயா.

இதற்கிடையே மையம் சமூக நலத் துறைக்குச் சொந்தம், ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறைக்குச் சொந்தம். ஒரு விளையாட்டுப் பொருள் உடைந்தால் எந்தத் துறைக்கு எழுதுவது என்று தெரியாது. பிறகு கொரோனா வந்தது. 2022 ஜூனில் இந்த வகுப்புகள் இனி அங்கன்வாடி வழியாகவே நடக்கும் என்று ஆசிரியர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தற்காலிக ஆசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்துத் தொடரலாம் என்றார்கள். இப்படி ஏறி இறங்கிய வகுப்பை நம்பி எந்தப் பெற்றோர் பிள்ளையை விடுவார்? ஆளும் கட்சி இடையில் மாறியது. மனப்பான்மை மாறவில்லை. இரண்டு காலத்திலும் அது ஒட்டுவேலையாகவே இருந்தது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டே மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தபோது, யார் சமைப்பது, யார் கணக்கு எழுதுவது, எத்தனை மணிக்குப் பரிமாறுவது என்பது வரை எழுதித் தந்தார்கள். அதனால் அது நின்றது. அதே கவனம் எல்.கே.ஜி.க்குக் கிடைத்திருந்தால் இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது.

பழைய தணிக்கையாளர்

ஏணிப்படி ஐயாவோடு ஓர் இடத்தில் முரண்படுகிறேன். மூன்று வயதில் எழுதப் பழக்குவது தனியார் பள்ளிகள் உண்டாக்கிய கெட்ட வழக்கம். அதை அரசும் நகலெடுத்து, டையும் டைரியும் மாட்டிவிட்டால் போதும் என்று ஆகிவிடக் கூடாது. அங்கன்வாடியை வலுப்படுத்துவதே சரியான வழி.

ஏணிப்படி

எழுதப் பழக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலை நடத்தியவன் நான்; என் புனைபெயரே, பிள்ளை படிப்படியாக ஏறிக் கற்பதைக் காட்டும் அதன் ஏணிப்படி அட்டையிலிருந்து எடுத்தது. பாயில் உட்கார்ந்து, பொருளைத் தொட்டு, தன் வேகத்தில் பிள்ளை கற்க வேண்டும் என்பதை எங்களுக்குக் கற்றுத்தந்ததே அதுதான். எல்.கே.ஜி. என்ற பெயருக்குள் அதைச் செய்யலாம். ஐயா, ‘அங்கன்வாடி’ என்று எழுதினால் பெற்றோர் வரமாட்டார்கள், ‘எல்.கே.ஜி.’ என்று எழுதினால் வருவார்கள். பலகையில் பெற்றோர் கேட்கும் பெயரை எழுதுங்கள், உள்ளே பிள்ளைக்கு வேண்டியதைச் செய்யுங்கள். 2012-13இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கியபோதும் பாதி அப்படித்தான் நடந்தது. அதன் மற்றொரு பாதி, இருக்கிற ஆசிரியரே இரண்டு வழிக்கும் பாடம் எடுக்க நேர்ந்த கதை. அதை இங்கே கிளறவில்லை.

குழுத் தலைவி

தணிக்கையாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. 60 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் என்ற கணக்கில் அங்கன்வாடிப் பிள்ளைகளோ எல்.கே.ஜி. பிள்ளைகளோ சேருவார்களா?

பழைய தணிக்கையாளர்

சேர மாட்டார்கள். அட்டவணை ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கானது. இந்தக் கேள்வியைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்பதைச் சட்டம் குறைந்தபட்சமாகத்தான் வைத்தது. அதைவிடக் கூடுதலாக நியமிக்க எந்த மாநிலத்துக்கும் தடை இல்லை. நடைமுறையில் குறைந்தபட்சமே அதிகபட்சம் ஆகிவிட்டது. கரும்பலகை அவர்களின் மூன்றாவது ஆசிரியரைப் பறித்ததில் 25 விழுக்காட்டுக்கு உள்ள பங்கைவிட இந்தப் பழக்கத்துக்கு உள்ள பங்கு பெரிது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இல்லாத பள்ளியை நம்பி வாருங்கள் என்று நாம் அழைக்கிறோம். வரவில்லை என்றதும் இருக்கிற ஆசிரியரையும் எடுத்துக்கொள்கிறோம்.

கரும்பலகை

நிறுத்த வேண்டும் என்று முதல் பதிவில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். அரசு தன் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓர் இடம் வைக்காத வரை, வேறிடத்தில் கிடைக்கிற இடத்தைப் பறிக்கச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் தனியாருக்குச் செலுத்தும் ஒவ்வோர் எல்.கே.ஜி. கட்டணத்தோடும், அதே ஊரின் ஒன்றியப் பள்ளியில் ஒரு முன்பருவ ஆசிரியருக்கான சம்பளமும் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்பேன். எண்ணிக்கை 60க்குக் கீழே இறங்கினாலும் மூன்றாண்டுகளுக்கு ஆசிரியரை எடுக்காமல் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றும் கேட்பேன்.

எங்கள் வளாகத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. இன்று மதியம் அங்கே போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். 14 பிள்ளைகள் இருக்கிறார்கள்; அவர்களில் ஏழு பேருக்கு வரும் ஜூனில் ஐந்து வயது முடிந்திருக்கும். இரண்டு ஆண்டுகளாக எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகளில் மூன்று பேரின் பெயர் மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஏழு வீடுகளில் இரண்டில் ஏற்கெனவே தனியார் பள்ளி விண்ணப்பம் வாங்கி வைத்திருப்பதாக அமைப்பாளர் சொன்னார். சென்ற ஆண்டு எங்களுக்குச் சேர்க்கை மார்ச் 1ஆம் தேதி தொடங்கியது. இம்முறை அதுவரை காத்திருக்காமல், வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் அந்தப் பிள்ளைகளை எங்கள் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காரவைக்கத் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். இரண்டு துறைகளின் ஒப்புதல் வேண்டுமா என்று அவர் யோசிக்கிறார். யாருக்காவது விவரம் தெரிந்தால் எழுதுங்கள்.

ஏணிப்படி

எங்கள் பள்ளியில் யாரையும் கேட்காமலேயே செய்தோம். பாயை மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள் டீச்சர், பெஞ்சில் உட்காரவைத்தால் சின்னப் பிள்ளைகளுக்குக் கால் எட்டாது.